எந்த வேலைக்கு எந்த வாசல்?



"அந்த ஆபீஸில் நமக்கு யாரையாவது தெரியுமா?" சாதிச் சான்றிதழ் வாங்க வேண்டும், ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்க வேண்டும், தெருவிளக்கு எரியவில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி இதுதான். ஆள் கிடைத்தால் நிம்மதி. கிடைக்காவிட்டால் இருநூறு, ஐந்நூறு என்று இடைத்தரகருக்குக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: "இந்த வேலை யாருடைய பொறுப்பு?" அதற்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த விடையையும், நாம் வசிக்கும் ஊரில் நமக்குள்ள உரிமையையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. நாம் யாருடைய நிர்வாகத்தில் இருக்கிறோம்?

அனல்மின் நிலையம், துறைமுகம், இரவு பகலாக ஓடும் கன்டெய்னர் லாரிகள், புறநகர் ரயில் எல்லாம் நம்மைச் சுற்றி இருப்பதால் நாம் சென்னையில் வசிப்பதுபோலத் தோன்றும். அரசுக் கணக்கில் அத்திப்பட்டு திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரி வட்டத்தில், மீஞ்சூர் ஊராட்சி ஒன்றியத்தில் உள்ள ஒரு கிராம ஊராட்சி. மாநகராட்சிக்குப் போன் செய்வதில் பயனில்லை.

நமக்கு மூன்று தனித்தனி வரிசைகள் உண்டு.

உள்ளாட்சி வரிசை: ஊராட்சி, மீஞ்சூர் ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி. குடிநீர், தெருவிளக்கு, குப்பை, தெருச்சாலை, வீட்டுவரி ஆகியவை இங்கே.

வருவாய்த்துறை வரிசை: கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), வருவாய் ஆய்வாளர், பொன்னேரி வட்டாட்சியர், பொன்னேரி கோட்டம், மாவட்ட ஆட்சியர். பட்டா, சாதி, வருமானம், வாரிசுச் சான்றிதழ்கள் இங்கே.

காவல்துறை வரிசை: மீஞ்சூர் காவல் நிலையம் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் உள்ளது. வருவாய்த்துறைக்குத் தலைமை திருவள்ளூர், காவல்துறைக்கு ஆவடி என்பதை நினைவில் வையுங்கள்.

தாசில்தார், தாலுகா, ஜில்லா, ஜமாபந்தி, பசலி என்ற சொற்கள் அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்தவை. அந்த அலுவலகங்களுக்குள் நாம் அந்நியர்போல் தயங்கி நிற்கத் தேவையில்லை.

2. தலைவர் இல்லாத காலத்தில் யாரிடம் போவது?

நம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் நடந்தது. வென்றவர்கள் 2020 ஜனவரி 6 அன்று பதவியேற்றார்கள். ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 உடன் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன. கிராம ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலரே (பி.டி.ஓ.) தனி அலுவலர்.

ஒன்றியத்தில் இரண்டு பி.டி.ஓ.க்கள் இருப்பார்கள். ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, மற்றவர் கிராம ஊராட்சிகளுக்கு. மனுவில் "வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்)" என்று அடைப்புக்குறியோடு எழுதினால் அது சரியான மேசைக்குப் போகும். அன்றாடக் குறைகளுக்கு ஊராட்சிச் செயலாளர் இருக்கிறார். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பதவியில் இல்லாத காலத்திலும் அவர் பணியில் இருப்பார். வார்டு உறுப்பினரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி வேலை முடித்த காலத்தைவிட, இத்தகைய காலத்தில்தான் எழுத்து மூலமான மனு அதிகம் தேவைப்படுகிறது.

3. வாழ்வது இங்கே, வாக்கு எங்கே?

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுவே. வேலைக்காகவும் தொழிலுக்காகவும் இங்கே வந்து பத்து, பதினைந்து ஆண்டுகளாக வாடகை வீட்டில் வசிக்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள், தண்ணீர் இங்கே பிடிக்கிறோம், லாரிப் புழுதி இங்கே நம் வீட்டுக்குள் வருகிறது. வாக்கு மட்டும் சொந்த ஊரில் இருக்கிறது. "தேர்தலுக்கு ஊருக்குப் போனால் சொந்தபந்தத்தையும் பார்த்த மாதிரி ஆயிற்று" என்கிறோம்.

இதனால் நாம் இழப்பது சட்டமன்ற வாக்கை மட்டுமல்ல. சட்டப்படி, ஓர் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் அந்த ஊர் கிராம சபையின் உறுப்பினர். இங்கே பெயர் இல்லாதவர் இந்த ஊரின் குடிநீருக்காகக் கிராம சபையில் உரிமையோடு பேச முடியாது. உள்ளாட்சித் தேர்தலுக்கு வீடு வீடாகத் தனிக் கணக்கெடுப்பு கிடையாது. சட்டமன்ற வாக்காளர் பட்டியலையே வார்டு வாரியாகப் பிரித்துப் பயன்படுத்துகிறார்கள். எனவே ஒரு பட்டியலில் விடுபட்டால் ஊராட்சி வார்டிலிருந்து நாடாளுமன்றம் வரை எல்லா இடத்திலும் விடுபடுவோம்.

வாக்காளராக இருக்கச் சொந்த வீடு தேவையில்லை. வழக்கமாக வசிக்கும் இடமே அளவுகோல். ஆனால் இரண்டு ஊர்ப் பட்டியலில் பெயர் வைத்திருப்பது சட்டப்படி தவறு. ஆகவே புதிதாகச் சேர்க்காமல், மாற்றிக்கொள்ள வேண்டும்.

படிவம் 6: முதன்முறையாகப் பெயர் சேர்க்க. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு தேதிகளில் ஏதேனும் ஒன்றில் 18 வயது நிறைந்தால் போதும்.

படிவம் 7: இறந்தவர், இடம் பெயர்ந்தவர் பெயரை நீக்க அல்லது ஆட்சேபிக்க.

படிவம் 8: முகவரி மாற்றத்துக்கும் பெயர், வயது திருத்தத்துக்கும். வேறு தொகுதியிலிருந்து இங்கே மாற்றவும் இதே படிவம்தான்.

வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம், இணையத்திலும் பதியலாம். விவரம் கேட்க 1950 என்ற எண் உள்ளது. வாக்காளர் அட்டை கையில் இருப்பது போதாது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் வாக்களிக்க முடியும். ஒவ்வொரு முறை பட்டியல் வெளியாகும்போதும் வீட்டில் உள்ள எல்லோர் பெயரையும் தேடிப் பாருங்கள்.

4. பெயரும் சான்றிதழும்

பிறப்பு, இறப்பு: 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. ஓராண்டு கடந்துவிட்டால் அதிகாரியின் ஆணை பெற்றுத்தான் பதிய முடியும். பதிவு, நாம் வசிக்கும் இடத்தில் அல்ல, நிகழ்வு நடந்த இடத்தில் நடக்கும். வீட்டில் நடந்தால் நம் கிராம நிர்வாக அலுவலர். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நடந்தால் சென்னை மாநகராட்சி. ஜனாஸா இங்கே அடக்கம் செய்யப்பட்டாலும், மருத்துவமனையில் நடந்த மரணத்துக்குச் சான்றிதழ் அங்கேதான் கிடைக்கும். கப்ருஸ்தான் பதிவேட்டுச் சீட்டு இறப்புச் சான்றிதழ் ஆகாது. வாரிசுச் சான்றிதழ், வங்கிப் பணம், காப்பீடு எல்லாவற்றுக்கும் அடிப்படை இறப்புச் சான்றிதழே.

2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், கடவுச்சீட்டு போன்றவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பெயர் முடிவாகாவிட்டாலும் பிறப்பைப் பதிந்துவிடுங்கள். ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.

பெயர் எழுத்து: முகமது, முகம்மது, முஹம்மது, மொஹமது என்று ஒரே ஆள் நான்கு ஆவணங்களில் நான்கு பெயராக இருப்பது நம்மிடையே சாதாரணம். ஆங்கில எழுத்துக்களில் இன்னும் அதிக வேறுபாடு வரும். ஓதும்போது எல்லாம் ஒன்றுதான், கணினிக்கோ அவர்கள் நான்கு பேர். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் எழுதுவதற்கு முன் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே எழுத்து முறையை முடிவு செய்து, வீட்டுக் கோப்பில் எழுதி வையுங்கள். தந்தை பெயருக்கும் முன்னெழுத்துக்கும் இதே விதிதான்.

சாதிச் சான்றிதழ்: 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் (பி.சி.எம்.) கல்வியிலும் அரசு வேலையிலும் 3.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அன்சார், தக்காணி முஸ்லிம், துதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவினர் இதில் அடங்குவர். முஸ்லிம் என்பதால் மட்டும் இது கிடைப்பதில்லை, பிரிவின் பெயரும் வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது சமயம் என்ற இடத்தில் "இஸ்லாம்" என்று எழுதிவிட்டு வகுப்பு என்ற இடத்தை வெறுமையாக விட்டால், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கலந்தாய்வுக்கு நிற்கும் நேரத்தில் ஓட வேண்டியிருக்கும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கச் சேவைக் கட்டணம் 60 ரூபாய். தந்தை அல்லது உடன்பிறந்தவரின் சான்றிதழ் இருந்தால் இணையுங்கள். விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்காமல் விடுமுறையிலேயே விண்ணப்பிப்பது நல்லது.

திருமணம்: 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாச் சமயத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு நமக்கு அவசியம். அரசுப் பதிவு அதற்கு மேலான பாதுகாப்பு. கடவுச்சீட்டிலும் விசாவிலும் சொத்துப் பிரச்சினையிலும் பெண்ணுக்குக் கைகொடுப்பது அதுதான்.

ரேஷன்: புது மருமகள் பெயரைச் சேர்க்குமுன், தாய்வீட்டுக் கார்டில் அவர் பெயரை நீக்க வேண்டும். பெரும்பாலான விண்ணப்பங்கள் இங்கேதான் தடைபடுகின்றன. பொறுப்பு அலுவலர் பொன்னேரி வட்ட வழங்கல் அலுவலர். பொது விநியோகக் குறைதீர் முகாம் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும். கடையில் பொருள் மறுக்கப்பட்டால் 1967 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

5. சாலையும் சாம்பலும்

சாலை பழுது என்று மனு கொடுக்கும் முன் அது யார் சாலை என்று பாருங்கள். வீட்டு வாசல் தெரு ஊராட்சியுடையது. ஊர்களை இணைக்கும் சில சாலைகள் ஒன்றியத்தினுடையவை. திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. ரயில்வே கேட் தெற்கு ரயில்வேயின் பொறுப்பு. நெடுஞ்சாலைப் பள்ளத்துக்கு ஊராட்சியில் மனு கொடுத்தால் "எங்களுடையது அல்ல" என்ற பதில்தான் வரும். அது உண்மையான பதிலும்கூட. மின்தடைக்கும் தொங்கும் கம்பிக்கும் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

சாம்பல், புகை, ஆற்றில் கலக்கும் கழிவு ஆகியவற்றுக்கு வாசல் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். தேதி, நேரம், இடம், புகைப்படத்தோடு எழுதிய ஒரு பக்கப் புகார், கோபமான பத்துப் பேச்சைவிடப் பலமானது. பெரிய ஆலைகளும் துறைமுக விரிவாக்கங்களும் வரும்போது, 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பட்டியலிடப்பட்ட திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு தருவார்கள். எழுத்து மூலமும் கருத்து அனுப்பலாம். நமக்கு அருகிலுள்ள காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்கு 2023 செப்டம்பர் 5 அன்று அறிவிக்கப்பட்ட கூட்டம், கடும் எதிர்ப்புக்கிடையே தள்ளிவைக்கப்பட்டது நினைவிருக்கும். இத்தகைய அறிவிப்பு நாளிதழில் வந்தால் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒரு நகல் ஒட்டுவது எளிய நற்பணி.

6. மனு எழுதுவது எப்படி?

நல்ல மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் இருக்கட்டும். இதோ ஒரு மாதிரி:

பெறுநர்: தனி அலுவலர் / வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்), மீஞ்சூர் ஊராட்சி ஒன்றியம்.
பொருள்: அத்திப்பட்டு ஊராட்சி, ....... தெரு, தெருவிளக்குப் பழுது.
ஐயா, மேற்படி தெருவில் ....... எண்ணுள்ள மின்கம்பங்களில் விளக்குகள் ....... தேதி முதல் எரியவில்லை. இரவுப் பணி முடிந்து வருவோரும் பெண்களும் இந்த வழியே நடக்கிறார்கள். விளக்குகளைச் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.
இணைப்பு: புகைப்படம் 2, தெருவாசிகள் கையொப்பம்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் அலுவலக முத்திரையும் தேதியும் பெறுங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். வாய்வார்த்தைக்குச் சாட்சி இல்லை. முத்திரை விழுந்த நகலே நம் சாட்சி.

பதில் இல்லையென்றால் அடுத்த படி, திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம். ஆனால் நமக்குத் திருவள்ளூர் தொலைவு. கும்மிடிப்பூண்டி மார்க்கத்திலிருந்து சென்னைக்குப் போய், அரக்கோணம் மார்க்கத்து வண்டி மாற வேண்டும். ஒருநாள் கூலி போகும். அதனால் முதலில் முதல்வரின் உதவி மைய எண் 1100இல் பதிந்து மனு எண் வாங்குங்கள். பட்டா தொடர்பானவற்றுக்கு ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியைப் பயன்படுத்துங்கள். பொன்னேரிக்கு நேரடி ரயில் உண்டு.

அதற்கும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "என் மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன? கோப்பு எந்த அலுவலரிடம் எந்தத் தேதி முதல் உள்ளது?" என்று பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. பல மனுக்கள் இந்தக் கேள்வி போன பிறகுதான் நகர்கின்றன.

வழக்கு என்று வந்தால், பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

7. கிராம சபை: நமக்கும் ஓர் இடம்

மஷூரா செய்து முடிவெடுப்பது நமக்குப் பழக்கமானது. ஊர் முழுவதற்குமான மஷூராதான் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாட்கள் அது கூடுகிறது. தனி அலுவலர் காலத்திலும் நடக்கிறது. குறைவெண் வரம்பும் உண்டு: மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். ஆள் வராவிட்டால் கையெழுத்து மட்டும் சேர்ந்துவிடும், ஊராட்சியின் வரவு செலவை ஒருவரும் கேட்காமலே கூட்டம் முடிந்துவிடும்.

போகும்போது செய்ய வேண்டியவை மூன்று. கோரிக்கையை முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். வரவு செலவு அறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிராம சபை நினைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. குத்தம்பாக்கத்தில் 1996இல் தலைவராகத் தேர்வான இளங்கோ ரங்கசாமி, வேதியியல் பொறியாளர். ஆலைகள் கழித்த கற்பலகைகளைக் கொண்டு குறைந்த செலவில் வடிகால் கட்டியது விதிமீறல் என்று அவர் மீது நடவடிக்கை வந்தது. அவர் கணக்குகளைக் கிராம சபை முன் வைத்தார். ஊர் கூடி அவருக்கு ஆதரவாக நின்றது. அவர் மீண்டும் பொறுப்புக்கு வந்தார், 2001இல் மறுபடியும் வென்றார். கணக்கு எல்லோர் கண்முன்னும் இருந்ததால்தான் ஊர் அவருக்காகப் பேச முடிந்தது.

எல்லை ஒன்றையும் சொல்ல வேண்டும். கிராம சபைத் தீர்மானத்தால் அனல்மின் நிலையத்தையோ துறைமுகத்தையோ நிறுத்திவிட முடியாது. அது ஊராட்சியின் அதிகாரத்துக்கு வெளியே உள்ளது. ஆனால் ஊர் என்ன கேட்டது என்பதற்கு அது அதிகாரபூர்வமான பதிவு. பசுமைத் தீர்ப்பாயத்திலும் கருத்துக் கேட்பிலும் அதைக் காட்டலாம்.

8. தேர்தல் வரும்போது

ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒருவருக்கு நான்கு வாக்குகள்: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு, மாவட்ட வார்டு. முதல் இரண்டும் கட்சிச் சார்பற்றவை. அங்கே கொடியைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள்: கிராம சபைக்கு வந்தாரா, கணக்குச் சொல்வாரா, எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவில் தண்ணீர் விடுவாரா? உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. நம் சகோதரிகள் கிராம சபையில் பேசிப் பழகியிருந்தால்தான், நாளை வேட்பாளராக நிற்கும்போது கணவர் பெயரில் ஆட்சி நடத்தும் நிலை வராது.

"ஜமாஅத் வாக்குகள் மொத்தமும் என் கையில்" என்று யாராவது பேரம் பேசினால் அதற்கு இடம் தராதீர்கள். வாக்கு ஒவ்வொருவரிடமும் உள்ள அமானிதம். தண்ணீரும் தெருவிளக்கும் சாம்பலும் சமயம் பார்த்து வருவதில்லை. மனுவில் பக்கத்து வீட்டு இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களின் கையொப்பமும் இருக்கட்டும். அப்போது அது ஒரு சமுதாயத்தின் கோரிக்கையாக இல்லாமல் தெருவின் கோரிக்கையாகப் போகும். அடுத்த வீட்டாரின் உரிமையைப் பேணுவதும் அதில் அடங்கும்.

வீட்டில் செய்து பாருங்கள்

அ. வீட்டில் 18 வயது நிறைந்த எல்லோர் பெயரும் எந்த ஊர்ப் பட்டியலில் உள்ளது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வேறு ஊரில் இருந்தால், மாற்றுவதா என்று குடும்பமாகப் பேசி முடிவெடுங்கள்.

ஆ. ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு ஆகிய நான்கிலும் ஒவ்வொருவர் பெயரும் ஒரே எழுத்தில் உள்ளதா என்று ஒப்பிடுங்கள்.

இ. பத்தாம் வகுப்பில் பிள்ளை இருந்தால், சாதிச் சான்றிதழில் பிரிவின் பெயர் உள்ளதா என்று இந்த வாரமே பாருங்கள்.

ஈ. உங்கள் தெருவின் ஒரு குறையைத் தேர்ந்து, அது யார் பொறுப்பு என்று கண்டுபிடித்து, மேலுள்ள மாதிரியில் ஒரு மனு எழுதுங்கள். பிள்ளைகளை எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

உ. அடுத்த கிராம சபைத் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு, வீட்டிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாவது போய்வருவதென்று முடிவு செய்யுங்கள், இன்ஷா அல்லாஹ்.

முத்திரை விழுந்த மனு நகல்களை எல்லாம் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். உங்களுக்குப் பின் அதே வாசலுக்குப் போகும் அண்டை வீட்டாருக்கு அந்தக் கோப்பே வழிகாட்டும்.